இதில் உன்னுடையது எது?

நான் வாசித்த முதல் கல்யாணத்தின் வீடியோவை அம்மாவுக்கு அனுப்பியபோது, பதிலாக ஒரு கேள்விதான் வந்தது. குரல் பதிவு. அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நான் கம்பஸ் போன நாளிலிருந்து எங்களுக்குள் எல்லாமே குரலும் வீடியோவுமாகத்தான் போய்வருகின்றன. பதிவின் பின்னணியில் பக்கத்து வீட்டு அத்தை யாரையோ ஏசிக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு புள்ள. பாட்டு கேக்குது, மேளம் கேக்குது. இதுல உன்னோடது எது?"

அடியில் தடிப்பாக ஒரு சத்தம் ஓடும், அதுதான் என்னுடையது என்று சொல்லி அனுப்பினேன். அம்மா திரும்பவும் போட்டுப் பார்த்திருக்கிறார். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் நாலைந்து பேர் கூடியிருக்கிறார்கள். அடுத்த பதிவில், சத்தம் கேட்கவில்லை என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் அத்தையின் குரல் குறுக்கே வந்தது. "சும்மா புடிச்சிக்கிட்டு நிக்கச் சொல்லியிருக்காங்க போல. புள்ள ஒசரமா இருக்கால்ல, பாக்க எடுப்பா இருக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார், ஆனால் கடைசியாகச் சேர்ந்துகொண்டு முதலில் நிறுத்திவிட்டார்.

அத்தையைக் குறை சொல்ல முடியாது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்திகளின் சத்தம் மண்டபத்தில் இருப்பவர்களுக்குக் காதை எட்டுமுன் கதிரையிலும் நெஞ்சிலும் தெரியும். கைப்பேசியின் பொட்டு அளவு ஸ்பீக்கரால் அதை வெளியே கொண்டுவர முடியாது. என் போனைக் காதோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். உண்மைதான். பாட்டுக்காரி பாடுகிறார், கிட்டார் கேட்கிறது, ட்ரம் தகரம் மாதிரி கேட்கிறது. நடுவில் நான் ஒரு நீளமான கட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விரலை அசைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கம்பஸ் போன முதல் ஆளும் நான்தான். பன்விலைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் அது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் ஒரு நிமிடம்கூட மறந்ததில்லை. கம்பஸில் சங்கீத வட்டத்தின் அறையில் எல்லோரும் கிட்டாருக்கும் கீபோர்டுக்கும் முறை வைத்துக் காத்திருந்தார்கள். பேஸ் மட்டும் மூலையில் தூசி பிடித்து நின்றது. யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத எனக்கு, யாரும் கேட்காத ஒரு பொருள் வசதியாக இருந்தது. நூலகத்து இணையத்தில் பார்த்து இசைக்குறிப்பு வாசிக்கக் கற்றுக்கொண்டேன். இப்போது நான் வாசிக்கும் பேண்டில் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதையும் நான் மறப்பதில்லை.

பேண்டில் எங்களை வழிநடத்துகிறவர் கிட்டார் வாசிக்கும் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர். வங்கியில் வேலை. ட்ரம் வாசிப்பவர் மடவளையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன்; நானா என்று கூப்பிடுவோம். பாடுவது ஒரு சிங்களத் தம்பதி. அவர்கள் கல்யாண நாளன்று மட்டும் வருவார்கள். எனக்கு முன் பேஸ் வாசித்தவர் வேலைக்காகக் கட்டார் நாட்டுக்குப் போய்விட்டதால்தான் எனக்கு இடம் கிடைத்தது. முதல் நாளே அண்ணா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "அவர் மார்கழியில வருவார். திரும்பிப் போகாமல் இஞ்சயே நிக்கிற யோசினையும் இருக்காம். அதுவரைக்கும் நீர் வாசியும். பிறகு பாப்பம்."

சரி என்றேன். பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த இடம் எனக்கு எவ்வளவு தேவை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வேலை செய்யும் ஒபிஸில் நான்கரைக்கு எல்லோரும் அவரவர் வேனைப் பிடித்துப் போய்விடுவார்கள். நான் கட்டுகஸ்தோட்டை போர்டிங்குக்கு வருவேன். வீட்டுக்காரம்மா ஓய்வு பெற்ற சிங்கள ஆஸ்பத்திரித் தாதி, நல்ல மனுஷி. "சாப்பிட்டாயா?" என்று கேட்பார். பதிலுக்குக் காத்திருக்காமல் டிவி பக்கம் திரும்பிவிடுவார். சனி ஞாயிறில் தோட்டத்துக்குப் போனால், இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு நான் விருந்தாளி. எனக்கென்று எடுத்துவைத்த கோப்பையில் தேத்தண்ணி தருவார்கள். வாரத்தில் ஒருநாள், புதன்கிழமை பின்னேரம், மடவளைத் துணிக்கடையின் மாடியில்தான் நான் வரும்வரை வேலை தொடங்காமல் இரண்டு பேர் இருப்பார்கள். மார்கழியில் அதுவும் போய்விடலாம்.

ஆனாலும் அம்மாவின் கேள்விதான் என்னை முதலில் பிடித்துக்கொண்டது.

அடுத்த கல்யாணத்தில் நான் கையை மேலே கொண்டுபோனேன். மெல்லிய தந்தியில், கிட்டாரின் உடம்பை ஒட்டிய இடத்தில் விரலை வைத்தால் பேஸும் கொஞ்சம் கீச்சென்று பேசும். போனில் கேட்கும். ஒரு சுரம் போதுமான இடத்தில் எட்டு வாசித்தேன். பாட்டுக்காரர் மூச்சு எடுக்கும் இடைவெளியில் ஒரு ஓட்டம், வரி முடிகிற இடத்தில் இன்னொரு ஓட்டம். சவுண்ட் பார்ப்பவரின் மேசையில் போனை நிறுத்திவைத்து எல்லாவற்றையும் பிடித்து அனுப்பினேன்.

"இப்ப கேக்குது புள்ள. டிங் டிங்னு. அதுதானே?"

அதுதான் என்றேன். அத்தைக்கும் கேட்டுவிட்டதாம். அந்த வாரம் முழுவதும் எனக்கு நடப்பதே லேசாக இருந்தது.

எங்கள் வீட்டில் வேலை என்பது நிறுத்துப் பார்க்கிற பொருள். கொழுந்து குறைந்தால் அம்மாவுக்கு அரைப்பேர்தான் போடுவார்கள். அதாவது நாள் முழுவதும் மலையில் நின்றவள் பாதி நாள்தான் நின்றாள் என்று எழுதுவார்கள். சின்ன வயதில் அம்மா முகத்தைப் பார்த்தே இன்றைக்கு முழுப்பேரா அரைப்பேரா என்று சொல்லிவிடுவேன். அதனால் நிறைய வாசித்தவள்தான் வேலை செய்தவள் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. சாவகாசமாக நாலு சுரம் வாசித்துவிட்டு நிற்பவர்களைப் பார்த்தால், இவர்களுக்கு யார் பேர் போடுகிறார்கள் என்று தோன்றும்.

ஐப்பசியில் பேராதனைப் பக்கம் ஒரு கல்யாணம். கண்டியில் சிங்களக் கல்யாணங்கள் பெரும்பாலும் பகலில் நடக்கும். போறுவ மேடைச் சடங்கு, பிறகு சாப்பாடு, சாப்பாட்டுக்குப் பிறகு பைலாப் பாட்டும் ஆட்டமும். சமைத்தவர்கூட வந்து ஒரு கால் வைத்துவிட்டுப் போவார். பைலாவுக்கு ஆறு எண்ணிக்கை. ஒன்றிலும் நான்கிலும் கால் தரையில் விழும். அந்த இரண்டு இடத்தையும் பேஸ் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் மேலே, மெல்லிய தந்தியில், அம்மாவுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன்.

கைலேஞ்சியைச் சுழற்றிக்கொண்டு முன்னால் ஆடிய பெரியவர் ஒருவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். பிழை தன்னுடையது என்று நினைத்திருப்பார். திரும்பத் தொடங்கினார், திரும்ப நின்றார். பிறகு லேஞ்சியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஐஸ்கிரீம் எடுக்கப் போனார். மூன்றாவது பாட்டில் தரையில் ஆறு பேர் இருந்தார்கள், அதில் நான்கு பேர் பிள்ளைகள். மாப்பிள்ளையின் சகோதரர் மேடைக்கு வந்து, பேண்டுக்குக் களைப்பா, தேத்தண்ணி வேண்டுமா என்று சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டார். அண்ணா மீதி இரண்டு பாட்டையும் விட்டுவிட்டார்.

அன்று பின்னேரம் அம்மா சொன்னார். "இன்னைக்கித்தான் எல்லாத்துலயும் நல்லா கேட்டுச்சு. ஒன்னோடதுதான் முன்னுக்கு நிக்கிது."

அந்தப் பதிவை நான் ஒருமுறைதான் கேட்டேன்.

அண்ணாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு வரும் புதன்கிழமை, சவுண்ட் மேசையில் பதிவானதைக் கொண்டுவந்து பெரிய ஸ்பீக்கரில் போடுவார். முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. மாடி அறையைச் சுற்றிச் சுவரோரம் துணிக்கட்டுகள் அடுக்கியிருக்கும். எதிரொலி இருக்காது. ஒவ்வொருவரும் வாசித்தது அப்படியே வந்து முன்னால் நிற்கும். பாட்டுக்காரி ஒரு வரியைத் தொடங்குகிறார், நான் குறுக்கே போகிறேன். அவர் முடிக்கிறார், நான் இன்னும் முடிக்கவில்லை. வீட்டுக்கு வந்த ஆளைப் பேசவிடாத பெண் மாதிரி இருந்தது.

பதிவு முடிந்ததும் அண்ணா கிட்டாரின் கட்டைகளைத் திருகிக்கொண்டே பேசினார். "நீர் வாசிக்கிறது பிழை எண்டு நான் சொல்லேல்லை. எல்லாம் சரியான சுரம். கூடிப்போச்சு. கொஞ்சம் சிம்பிளா வாசியும்."

சரியான சுரம் என்றால் எப்படி அண்ணா கூடும் என்று கேட்டேன். குறிப்பு வாசிக்கத் தெரியாத ஒருவரிடம் அதைக் கேட்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். அவர் கோபப்படவில்லை.

"ஏன் அவ்வளவு மேல போறீர்?"

"அங்கதான் நல்லா கேக்கும்."

"ஆருக்கு?"

நான் தந்திகளைத் துடைக்கத் தொடங்கினேன். அம்மாவுக்கு என்று சொல்லியிருந்தால் அவருக்கு விளங்கியிருக்கும், நல்ல மனிதர். ஆனால் என் அம்மா ஒரு சின்னப் போனை வைத்துக்கொண்டு லயத்து வாசலில் நிற்பதை அந்தத் துணிக்கட்டுகளுக்கு நடுவே கொண்டுவர எனக்கு மனமில்லை.

அண்ணா ஒரு பைலாப் பாட்டை இரண்டே சுரத்தில் வாசித்துக்காட்டச் சொன்னார். தடித்த தந்தியில், ஒன்றில் ஒரு சுரம், நான்கில் ஒரு சுரம். இடையில் எதுவும் இல்லை. சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கிற வேலை என்று நினைத்து, வேண்டுமென்றே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வாசித்தேன். எட்டாவது சுற்றில் நானா குச்சிகளைக் கீழே வைத்தார்.

"எனத்துக்குத் தங்கச்சி அவசரம்? பஸ் போகப் போகுதா?"

நான் முன்னால் ஓடியிருக்கிறேன். திரும்பத் தொடங்கினோம். திரும்பவும் ஓடினேன். மூன்றாம் முறை நானா சிரித்துவிட்டார். "இடையில ஈக்கிற எடத்துல என்ன செய்றீங்க?"

"ஒன்னும் செய்யல நானா."

"அதுதான் பொய். ஒண்டும் செய்யாம ஈக்க ஒங்களுக்கு ஏலாது. கையி நிக்கிது, மனசு வாசிக்கிது."

பள்ளிவாசலில் மஃரிபு பாங்கு சொன்னார்கள். நானா தொழப் போனார், அண்ணா கீழே தேத்தண்ணிக்குப் போனார். நான் ஜன்னலருகே நின்றேன். மடவளைச் சந்தியால்தான் பன்விலை பஸ் மேலே போகும். சரியாக அந்த நேரத்துக்கு ஒன்று வந்தது. விளக்குப் போட்டிருந்தார்கள். நின்றுகொண்டிருந்தவர்களில் எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தியின் முகம் தெரிந்த மாதிரி இருந்தது. கையைத் தூக்கினேன். மாடி ஜன்னலை யார் பார்க்கப் போகிறார்கள். பஸ் போய்விட்டது. அவர்கள் வரும்வரை பேஸை எடுத்து, அந்த இரண்டு சுரத்தை மட்டும் வாசித்துப் பார்த்தேன். ஒரு சுரத்துக்கும் மற்றதுக்கும் இடையில் இருந்த இடம் என் போர்டிங் அறை மாதிரி இருந்தது. அங்கே போனவுடன் நான் செய்வதும் இதுதான். ரேடியோவைப் போடுவேன், குழாயைத் திறப்பேன், இருக்கிற பாத்திரத்தைத் திரும்பவும் கழுவுவேன். சும்மா இருக்கிற இடமே இல்லாமல் பார்த்துக்கொள்வேன்.

அடுத்த இரண்டு மாதம் அறையில் அதைத்தான் பழகினேன். கரண்ட் போடாத பேஸ், கட்டில் விளிம்பு, இரண்டு சுரம். பத்து நிமிடம் ஓடாமல் நிற்பதற்கு இரண்டு வாரம் எடுத்தது. எனக்குத் தெரிந்த எந்த வேகமான ஓட்டத்துக்கும் இவ்வளவு நாள் பிடித்ததில்லை. ஒருநாள் கதவைத் திறந்து வெளியே வந்தபோது வீட்டுக்காரம்மா திடுக்கிட்டார். நான் வீட்டில் இல்லை என்று நினைத்தாராம்.

மார்கழி கடைசியில் கண்டி நகரிலேயே ஒரு சிங்களக் கல்யாணம். கட்டாரிலிருந்து வந்தவரும் வந்திருந்தார். விருந்தாளியாகத்தான் வந்தேன் என்று சிரித்துக் கைகொடுத்தார். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் கதிரையைச் சவுண்ட் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் என் போன் நின்றது. இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

பைலா தொடங்குமுன் எனக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. நான் சரியாக வாசித்தால் இன்று அம்மாவுக்கு ஒரு சத்தமும் கேட்காது. அத்தை சொன்னது மாதிரி சும்மா பிடித்துக்கொண்டு நிற்பவளாகத்தான் போனில் தெரிவேன். ஒரு பாட்டை மட்டும் அவருக்காக மேலே வாசிக்கலாமா என்று நினைத்தேன். நானா காலால் பெரிய ட்ரம்மைத் தட்டினார். நான் தடித்த தந்தியில் விரலை வைத்தேன்.

ஒன்று, நான்கு. ஒன்று, நான்கு. கையை அங்கேயே வைத்திருந்தேன். முதல் பாட்டு பாதியில் கதிரைகள் பின்னால் நகரும் சத்தம் கேட்டது. இரண்டாம் பாட்டில் மேடை விளிம்புவரை ஆட்கள். நீலச் சேலை கட்டிய பருத்த அம்மா ஒருவர் செருப்பைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஆடினார். அவரது கால் விழும் இடத்தில் என் சுரம் விழுந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. அவ்வளவு பேர் என் விரலுக்குக் கால் வைத்துக்கொண்டிருக்கும்போது, அந்த மண்டபத்தில் நான் தனியாக நின்றேன்.

மூன்றாவது பாட்டில் ஒரே ஒரு இடத்தில் கை கேட்கவில்லை. வரி முடிந்த இடைவெளியில் பழைய ஓட்டம் ஒன்று தானாக எழும்பி, நான்காவது எண்ணிக்கை வருமுன் என் சுரம் விழுந்துவிட்டது. அடுத்த சுற்றில் பிடித்துவிட்டேன். நானா ஒரு புருவத்தை உயர்த்தினார், அவ்வளவுதான். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது என்று நினைத்தேன்.

சாமான் கட்டும்போது கட்டார்க்காரர் வந்து கண்டிக் குளிரைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். அண்ணா வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "தையில மூண்டு கலியாணம் வந்திருக்கு. வாறீர்தானே?"

"அவரு?"

"அவர் திரும்பிப் போறாராம். போகாட்டிலும் நான் உம்மைத்தான் கேட்டிருப்பன்."

நானா தூரத்திலிருந்து, பஸ்ஸைத் தவற விட்டாலும் பரவாயில்லை தங்கச்சி, இனி ஓடத் தேவையில்லை என்றார். நான் சிரித்தேன். கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது இதைச் சொல்ல யாராவது பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று பட்டது. பக்கத்தில் ஒரு மாமா வாழைக்குலையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்.

ஆறு மணிக்கு வீடியோவை அனுப்பினேன். ஏழு மணிபோல அம்மாவின் குரல் வந்தது.

"புள்ள, நீ இன்னைக்கி வாசிக்கலயா? ஒடம்பு முடியலயா?"

பதிலை மூன்று முறை பேசி அழித்தேன். இடம் நிரந்தரமாகிவிட்டது என்பதைச் சொல்லலாம். ஆனால் கேட்காத ஒன்றுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அம்மாவுக்கு என்ன விளங்கும். கடைசியில் இப்படிச் சொல்லி அனுப்பினேன்.

"வாசிச்சேம்மா. போன்ல கேக்காது. அந்த நீலச் சேல கட்டின அம்மா செருப்பக் கையில வச்சிக்கிட்டு ஆடுறாங்கல்ல, அவங்க காலப் பாருங்க. அது எப்ப தரையில படுதோ, அப்பல்லாம் நான்தான்."

நீலக் குறி விழுந்தது. கேட்டுவிட்டார். அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. சோறு போட்டுச் சாப்பிட்டேன். தட்டைக் கழுவினேன். ரேடியோவுக்குக் கை போனது, போடாமல் விட்டேன். வெளியே டிவிச் சத்தமும் அடங்கியிருந்தது. மேசையில் போன் கறுப்பாகக் கிடந்தது. அம்மாவுக்கு விளங்கவில்லை, இனி அனுப்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அதிர்ந்தது.

இந்த முறை பின்னால் அத்தையும் இல்லை, சிரிப்பும் இல்லை. அம்மாவின் குரல் மட்டும், காதுக்குப் பக்கத்தில்.

"எல்லாரையும் போகச் சொல்லிட்டு, சத்தத்தக் கொறச்சிட்டு, காலு மட்டும் பாத்தேன் புள்ள. மூனு தரம் பாத்தேன். ஒழுங்காத்தான் போகுது." பிறகு ஒரு கேள்வி. "மூனாவது பாட்டுல ஒரு எடத்துல அந்தம்மா காலத் தப்பா வச்சிருச்சு. அது அவங்களா, நீயா?"

பதிவை ஒரே தடவையில் பேசி அனுப்பினேன்.

"நான்தாம்மா."